நல்ல தண்ணீர்க் கொசு

கடையநல்லூரில் அம்மா வீட்டுப் புறவாசலில் ஒரு நீல டிரம் நிற்கும். 200 லிட்டர் பிடிக்கும். எங்கள் தெருவில் அப்படி ஒரு டிரம் இல்லாத வீடு கிடையாது. குழாய்த் தண்ணீர் தினமும் வராது. வருகிற அன்றைக்குக் குடம், அண்டா, வாளி, சருவச்சட்டி என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் நிரப்பி, கடைசியில் டிரம்மையும் விளிம்புவரை நிரப்பினால்தான் அம்மாவுக்கு உட்காரத் தோன்றும். அந்த டிரம்மில் கையை விட்டு மொள்ளக் கூடாது. அதற்கென்று தனியாக ஒரு செம்பு கயிற்றில் தொங்கும். வெயில் படாமல் முருங்கை நிழலில் வைத்திருப்பாள். இலை விழுந்தால் உடனே எடுத்துப் போடுவாள். அவ்வளவு பத்திரமான தண்ணீர்.

என் மகளுக்கு டெங்கு வந்தது அந்தத் தண்ணீரிலிருந்துதான்.

2012 மே மாதம். முழுப்பரீட்சை லீவுக்கு ஆச்சி வீட்டுக்குப் போவது அவளுக்கு வருடா வருடம் வழக்கம். அப்போது அவளுக்கு ஆறு வயது. பாளையங்கோட்டையிலிருந்து நானே கூட்டிக்கொண்டு போய் இரண்டு வாரம் கூடவே தங்கினேன். தென்காசி தனி மாவட்டமானது 2019-இல்தான். அன்றைக்குக் கடையநல்லூர் திருநெல்வேலி மாவட்டம். நாங்கள் போய் இறங்கியபோது தெருவில் இரண்டு வீட்டில்தான் காய்ச்சல். வெயில் காய்ச்சல் என்றார்கள். நாங்கள் கிளம்புகிற நேரத்தில் வீட்டுக்கு ஒருவர் படுத்திருந்தார்கள். அந்தக் கோடையில் தமிழ்நாடு முழுக்க எங்கள் ஊர்ப் பெயர் அடிபட்டது. அந்த ஆண்டு நம் மாநிலத்தில் 12,826 பேருக்கு டெங்கு, 66 பேர் இறப்பு என்பது அரசுக் கணக்கு. இந்தியா முழுவதற்கும் 50,222 பேர். நாட்டில் டெங்கு வந்தவர்களில் நான்கில் ஒருவர் தமிழ்நாட்டுக்காரர். கணக்கில் வராமல் வீட்டிலேயே படுத்து எழுந்தவர்கள் எத்தனையோ பேர். என் அம்மாவும் அதில் ஒருத்தி.

மழை இல்லாத மே மாதத்தில் இவ்வளவு கொசு எங்கிருந்து வந்தது என்று ஊரே கேட்டது. மழை இல்லாததுதான் காரணம். தண்ணீர் குறையக் குறைய ஜனங்கள் அதிகமாகச் சேர்த்து வைத்தார்கள். டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் கொசுவுக்கு வேறென்ன வேண்டும்?

அம்மா பீடி சுற்றுவாள். காலையில் சோறு பொங்கி இறக்கிவிட்டுத் தார்சாவில் சுவரோரம் சாய்ந்து, காலை நீட்டி, மடியில் பீடித்தட்டை வைத்து உட்கார்ந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பாள். திரும்பச் சாயங்காலம்வரை. எங்கள் பக்கத்தில் எத்தனையோ பெண்களுக்குப் பகல் இப்படித்தான் போகும். இரண்டு கையும் வேலையில் இருக்கும். கரண்டைக்கால் சும்மா நீண்டிருக்கும். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கொசு வந்து உட்கார்ந்தது. கறுப்புக் கொசு, காலெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பட்டை, மோதிரம் போட்டமாதிரி. காதருகே வந்து ரீங்காரம் போடவில்லை. கட்டிலுக்கடியிலிருந்து தாழப் பறந்து வந்து கணுக்காலுக்குப் பின்பக்கம் உட்கார்ந்தது. அம்மா காலை லேசாக அசைத்தாள். எழுந்து போய் என் மகளின் முழங்காலில் உட்கார்ந்தது. அவள் தட்டினாள். திரும்ப அம்மாவிடமே வந்தது.

அன்றைக்கு அதைச் சாதாரணமாகப் பார்த்தேன். இன்றைக்கு நினைத்தால் அடிவயிறு கலங்குகிறது. இந்தக் கொசு ஒரே ஆளிடம் வயிறு நிறையக் குடித்துவிட்டுப் போகிற ரகம் இல்லை. கொஞ்சம் அசைந்தாலும் எழுந்து அடுத்த ஆளிடம் போகும். அதனால்தான் டெங்கு வந்த வீட்டில் ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் படுக்கிறார்கள். கடிப்பதும் பகலில், அதிலும் விடிந்து சில மணி நேரமும் பொழுது சாயும் நேரமும்தான் அதிகம். நாமோ சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவைச் சாத்திவிட்டு, ராத்திரி லிக்விடைச் சொருகிவிட்டு, கொசுவை வென்றுவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

அந்த வாரம் நகராட்சியிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். கொசுப்புழு பார்க்கிற மஸ்தூர்கள். ஒருவர் கையில் டார்ச், இன்னொருவர் கையில் ஒரு பையும் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் டம்ளரும். வீட்டுக்குள் விட அம்மாவுக்கு மனமில்லை. டிரம்மைத் திறக்கச் சொன்னபோது முகம் சுருங்கிவிட்டது. சாக்கடையை எங்கள் பக்கம் வாறுகால் என்போம்.

“ஏம்மா, இது நல்ல தண்ணி. கொசு எல்லாம் வாறுகால்லேருந்துல்லா வருது. அதப் போய்ப் பாருங்க.”

“வாறுகால்ல இருக்கது வேற கொசு ஆச்சி. கொஞ்சம் இங்க வாங்க.”

அந்த அக்கா டிரம்மின் மூடியை மெதுவாகத் தூக்கினார். மூடி உண்டு, ஆனால் ஒரு பக்கம் உடைந்து இரண்டு விரல் நுழைகிற இடைவெளி. டார்ச்சைச் சட்டென்று அடிக்கவில்லை. நிழல் விழுந்தாலோ தண்ணீர் ஆடினாலோ எல்லாம் அடியில் போய்விடுமாம். ஓரமாக நின்று, டம்ளரைச் சாய்த்து ஒரே மொள்ளாக மொண்டு, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஒரு நூல் துண்டு நெளிந்தது. பிறகு இன்னொன்று. எண்ணினேன், பதினொன்று. தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, வால் நுனியை மட்டும் தண்ணீரின் மேல்மட்டத்தில் ஒட்டவைத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. டம்ளரை லேசாகத் தட்டியதும் எட்டு எட்டாக வளைந்து கீழே போயின. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக மேலே வந்தன. நடுவில் காற்புள்ளிமாதிரி தலை பெருத்து வளைந்த இரண்டு தனியாக மிதந்தன. அவற்றைக் காட்டித்தான் அந்த அக்கா சொன்னார்: “இது கூட்டுப்புழு ஆச்சி. ரெண்டு நாள்ல பறந்துரும்.”

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தண்ணீரைத்தான் தினமும் பேத்திக்குத் தலைக்கு ஊற்றினாள்.

அப்புறம் அந்த அக்கா இன்னொன்று காட்டினார். டிரம்மின் உட்சுவரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரம் காயாத இடத்தில் மிளகுத் தூள் தூவியமாதிரி கறுப்புப் புள்ளிகள். முட்டைகள். ஏடிஸ் தண்ணீரின்மேல் முட்டையிடுவதில்லை, சுவரில் ஒட்டவைக்கிறது. ஒரு தடவைக்கு நூறு முட்டைவரை இடும். அதையும் ஒரே இடத்தில் இடாமல் நாலைந்து பாத்திரங்களில் பிரித்து இடும். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை போகாது. காய்ந்து, சுருங்கி, மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். அடுத்த முறை தண்ணீர் நிரப்பி மட்டம் ஏறி நனைந்ததும் பொரிந்துவிடும். நம்முடைய டிரம், அண்டா, தொட்டி எல்லாம் காலியாகி நிரம்பி, காலியாகி நிரம்பிக்கொண்டே இருக்கிறதே, அதற்கென்றே அமைந்தமாதிரி.

இத்தனைக்கும் இந்தக் கொசு எங்களுக்குப் புதிதில்லை. 2006-இல் சிக்குன்குனியா வந்தபோதும் இதே கொசுதான். அப்பா மூன்று மாதம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்; செம்பைத் தூக்கக்கூட விரல் மடங்காது. அந்தப் பெயரே ஆப்பிரிக்காவில் மகொண்டே மொழிச் சொல், வளைந்து முறுகிப் போவது என்று பொருள். 1952-இல் இன்றைய தான்சானியாவில் முதன்முதலில் கண்டுபிடித்தார்கள். அப்பாவைப் பார்த்தால் அந்தச் சொல் ஏன் வந்தது என்று விளங்கும். அப்போதும் நாங்கள் வாறுகாலைத்தான் திட்டினோம். சாக்கடைக்கு பிளீச்சிங் பவுடர் போடச் சொல்லிக் கவுன்சிலர் வீட்டுக்குப் போனார்கள். டிரம்மை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆறு வருடம் சும்மா போயிற்று.

ஊர் திரும்பி மூன்றாம் நாள் மகளுக்குக் காய்ச்சல். கொசு கடித்து நான்கிலிருந்து பத்து நாளுக்குள் வரும் என்பார்கள். கணக்கு சரியாக இருந்தது. நெருப்பாகக் கொதித்தது. கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்றாள். ஆறு வயதுப் பிள்ளை அப்படிச் சொன்னது எனக்கு வினோதமாக இருந்தது. பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குப் போனோம். கடையநல்லூர் போய் வந்ததைச் சொன்னேன். ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். ரத்தப் பரிசோதனை எழுதவில்லை. காய்ச்சல் தொடங்கி முதல் ஐந்து நாளுக்குள் என்.எஸ்.1 என்று ஒரு பரிசோதனை செய்தால் டெங்குவா என்று தெரியும், அதற்கப்புறம் ஐ.ஜி.எம். என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கேட்டு வாங்கியிருப்பேன். நீங்கள் கேளுங்கள். இன்னொன்று: டெங்குவாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கும்வரை காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும்தான், அதுவும் அளவோடு. ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனக் எதுவும் கூடாது. ரத்தக் கசிவை அவை கூட்டிவிடும். மெடிக்கல் ஷாப்பில் “மேல் வலிக்கு ஒரு மாத்திரை” என்று கேட்டு வாங்குகிற பழக்கம் நம் எல்லாருக்கும் உண்டு. அதைத்தான் முதலில் விட வேண்டும்.

ஐந்தாம் நாள் காலை காய்ச்சல் விட்டது. உடம்பு குளிர்ந்திருந்தது. நான் நிம்மதியாக இட்லி அவித்தேன். ஒரு வாய் சாப்பிட்டாள், வாந்தி எடுத்தாள். திரும்ப வாந்தி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். எதிர்வீட்டில் ஒரு நர்ஸ் அக்கா, டூட்டி முடிந்து வந்தவர், எட்டிப் பார்த்துவிட்டு அவள் கையைத் தொட்டார். நகத்தை அழுத்திவிட்டுப் பார்த்தார். “கை ஜில்லுன்னு இருக்கு. காலைல ஒண்ணுக்குப் போனாளா?” என்றார். யோசித்துப் பார்த்தேன். முந்தின நாள் ராத்திரி போனது. “ஆட்டோவக் கூப்பிடு” என்றார், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதை நான் மறக்கவே மாட்டேன். டெங்குவில் காய்ச்சல் அடிக்கிற நாளைவிடக் காய்ச்சல் விடுகிற நாள்தான் பயம். அந்த ஒன்றிரண்டு நாளில் ரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி வெளியே கசிகிறது. உள்ளே மிஞ்சுகிற ரத்தம் கெட்டிப்படுகிறது, அழுத்தம் இறங்குகிறது, கை கால் குளிர்கிறது, சிறுநீர் நிற்கிறது. அதை நாம் “காய்ச்சல் விட்டு உடம்பு குளிர்ந்துவிட்டது” என்று சந்தோஷப்படுகிறோம். விடாத வாந்தி, கடுமையான வயிற்று வலி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், எழுப்பினாலும் எழாத சோர்வு, காரணமில்லாத அமைதியின்மை: இதில் ஒன்று தெரிந்தாலும் வீட்டில் இருக்கக் கூடாது.

சொந்தக்காரர்கள் எல்லாரும் போனில் கேட்டது ஒரே கேள்வி, பிளேட்லெட் எவ்வளவு? 42,000 என்றதும் ஆளுக்கொரு பக்கம் ரத்தம் தேடக் கிளம்பினார்கள். டாக்டர் தேவையில்லை என்று சொல்லிவிட்டார். அவர் பார்த்தது வேறு. சில மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் எவ்வளவு கெட்டிப்பட்டிருக்கிறது, நாடி எப்படி, சிறுநீர் எவ்வளவு போயிற்று, அதற்கேற்ப டிரிப்ஸைக் கூட்டுவதும் குறைப்பதும். நான் ஒரு நோட்டில் மணி போட்டுச் சிறுநீர்க் கணக்கு எழுதினேன். இரண்டாம் நாள் ராத்திரி பன்னிரண்டே முக்காலுக்கு அவள் தானாக எழுந்து “அம்மா, ஒண்ணுக்கு” என்றாள். அந்த நோட்டு இன்னும் பீரோவில் இருக்கிறது.

நிலவேம்புக் குடிநீர் கொடுத்தோமா என்று இன்றும் கேட்கிறார்கள். அந்த ஆண்டு ஊரெங்கும் கொடுத்தார்கள், நாங்களும் குடித்தோம். பப்பாளி இலைச் சாறும் ஒருவர் கொண்டுவந்தார். குடிக்கிறவர்கள் குடிக்கட்டும், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதைக் குடித்துவிட்டு, “ரெண்டு நாள் பார்ப்போம்” என்று வீட்டில் வைத்திருப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த ஐந்தாம் நாள் நான் இரண்டு மணி நேரம் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

மகள் வீட்டுக்கு வந்தாள். அதோடு முடிந்தது என்றிருந்தேன். முடியவில்லை.

மூன்று வாரம் கழித்துப் பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்குக் காய்ச்சல். அறுபதைத் தாண்டியவர், சர்க்கரையும் உண்டு. டெங்குதான். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். அவர் கடையநல்லூர் பக்கம் போனவர் இல்லை. தெருவில் வேறு யாருக்கும் அதற்கு முன்னால் வரவுமில்லை. நான் உட்கார்ந்து நாள் கணக்குப் போட்டேன். காய்ச்சலோடு மகள் முன்வாசல் திண்ணையில் காற்றுக்காகப் படுத்திருந்த நான்கு நாளும் அவள் ரத்தத்தில் கிருமி நிறைந்திருந்தது. அப்போது அவளைக் கடித்த கொசுவின் உடம்பில் அந்தக் கிருமி பெருகி எச்சில் சுரப்பிக்கு வந்து சேர எட்டிலிருந்து பன்னிரண்டு நாள். அதன்பின் அந்தக் கொசு சாகும்வரை கடிக்கிற ஆளுக்கெல்லாம் கொடுக்கும். கடித்து ஒரு வாரத்தில் காய்ச்சல். கூட்டினால் மூன்று வாரம் சரியாக வருகிறது.

நீதிமன்றத்தில் நிற்கிற சாட்சி இல்லை இது. ஆனாலும் எனக்கு மனசுக்குத் தெரியும். டெங்கு வந்தவரைத்தான் கொசுவலைக்குள் படுக்க வைக்க வேண்டும், பகலிலும், காய்ச்சல் விடுகிறவரை. அவர் குணமாவதற்காக இல்லை, அடுத்த வீட்டுக்காரருக்காக. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆகவே நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

அந்தக் கொசு எங்கே பிறந்தது? ஏடிஸ் நீண்ட தூரம் பறக்கிற கொசு இல்லை, பிறந்த இடத்திலிருந்து நூறு, இருநூறு மீட்டருக்குள்தான் பெரும்பாலும் அதன் வாழ்க்கை. அப்படியென்றால் எங்கள் வீட்டிலோ அண்ணாச்சி வீட்டிலோதான். அம்மாவின் டிரம்மைப் பார்த்துவிட்டு வந்தவள், என் வீட்டைத் தேடினேன். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் கம்ப்ரஸருக்கு மேலே தண்ணீர் சொட்டி நிற்க ஒரு தட்டு இருக்கிறதே, வாங்கிய நாளிலிருந்து அதை நான் பார்த்ததே இல்லை. அதில் நெளிந்தது. மணி பிளான்ட் வைத்த பாட்டிலில் நெளிந்தது. புறவாசலில் கிடந்த பழைய ஆட்டுரல் குழியில், மொட்டை மாடியில் கவிழ்க்காமல் விட்ட பெயின்ட் டப்பாவில், எறும்பு ஏறாமலிருக்க அலமாரிக் காலடியில் வைத்த தண்ணீர்க் கிண்ணத்தில். வெளியில் தேங்காய்ச் சிரட்டை ஒன்று, மழை பெய்தால் அதுவும் ஒரு குளம். ஒரு சின்ன மூடித் தண்ணீர் போதும் அதற்கு.

மற்றக் கொசுக்களையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கணக்குக் குழம்பும். ராத்திரி காதில் பாடுகிறது கியூலெக்ஸ். அதுதான் வாறுகாலிலும் செப்டிக் டேங்கிலும் பிறப்பது, யானைக்கால் நோயைப் பரப்புவது. யானைக்கால் நோயை உண்டாக்குகிற புழுவின் குஞ்சுகள் ராத்திரியில்தான் நம் மேல் ரத்தத்துக்கு வரும், அதனால்தான் பரிசோதனைக்கு நடுராத்திரியில் ரத்தம் எடுப்பார்கள். கியூலெக்ஸிலேயே இன்னொரு வகை நெல் வயலில் பிறக்கும். தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்ற இரண்டு நெல் போகத்துக்கும் வயலில் தண்ணீர் நிற்கிற ஊர்களில் சாயங்காலம் மொய்க்கிறதே, அந்தமாதிரிக் கொசுக்கள்தான் ஜப்பானிய மூளைக்காய்ச்சலைக் கொக்கு, நாரை, பன்றியிடமிருந்து மனிதருக்குக் கொண்டுவருபவை. அந்த நோய்க்குத் தடுப்பூசி உண்டு. மலேரியாவைக் கொண்டுவரும் அனாபிலிஸ் கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் பிறக்கும், உடம்பைச் சாய்த்து வாலைத் தூக்கி உட்காரும். 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் அந்தக் கொசுவின் வயிற்றில்தான் மலேரியாக் கிருமியைக் கண்டார். அதற்கு முன்னால் வெகு காலம் கெட்ட காற்றால் மலேரியா வருகிறது என்றே நம்பிக்கொண்டிருந்தார்கள். நாம் டெங்குவுக்கு வாறுகாலைத் திட்டுவதும் ஏறக்குறைய அதேமாதிரிதான்.

செப்டிக் டேங்க் குழாயின் தலையில் ஒரு துண்டுக் கொசுவலையைக் கட்டிவிடுங்கள். ஐந்து நிமிட வேலை, ராத்திரிக் கொசு பாதி குறைந்தமாதிரி இருக்கும். எங்கள் வீட்டில் அப்படித்தான் இருந்தது.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். “தண்ணீரைச் சேர்த்து வைக்காதீர்கள்” என்று நோட்டீஸ் அடிக்கிறார்கள். நான்கு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிற தெருவில் அதைப் படித்தால் கோபம்தான் வரும். என் அம்மாவிடம் டிரம்மைக் கவிழ்க்கச் சொன்னால், நாளைக்கு நீ கொண்டுவந்து ஊற்றுவியா என்று கேட்பாள். அது நியாயமான கேள்வி. அதற்கு நாங்கள் கண்டுபிடித்த வழி வடிகட்டுவது. அப்பாவின் பழைய வேட்டியை நாலாக மடித்து அண்டாவின் வாயில் கட்டி, டிரம்மிலிருந்து மொண்டு மொண்டு அதில் ஊற்றுவோம். புழு துணியில் தங்கிவிடும். அதை வெயில் தரையில் உதறினால் செத்துவிடும். அப்புறம் காலி டிரம்மைத் தேங்காய்த் தும்பும் பிளீச்சிங் பவுடரும் போட்டு உட்சுவரைத் தேய்க்க வேண்டும். அடியைவிட மேல் விளிம்பைத்தான் அழுத்தித் தேய்க்க வேண்டும், முட்டை அங்கேதான். கழுவிவிட்டு, வடிகட்டிய தண்ணீரைத் திரும்ப ஊற்றி, அதே வேட்டியை வாயில் போட்டுக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிடுவோம். உடைந்த மூடியைவிட அந்தத் துணி மேல். வீணாவது கழுவுகிற இரண்டு செம்புத் தண்ணீர்தான்.

வாரத்துக்கு ஒருமுறை போதும், ஆனால் வாரம் தவறக் கூடாது. முட்டை பொரிந்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகிப் பறக்க ஏழிலிருந்து பத்து நாள் ஆகிறது. ஏழாம் நாள் நாம் முந்திக்கொண்டால் ஒன்றுகூடப் பறக்காது. எப்படியும் வெள்ளிக்கிழமை வீடு கழுவுகிறோம், அந்தத் தும்போடு டிரம்மையும் சேர்த்துக்கொண்டோம்.

புகை வண்டி வந்தால் ஜனங்களுக்கு ஒரு திருப்தி. தெருவெல்லாம் வெள்ளையாக மூடும், பிள்ளைகள் பின்னால் ஓடும். அது பறக்கிற கொசுவைத்தான் கொல்லும், புழுவை ஒன்றும் செய்யாது. ஏடிஸோ வீட்டுக்குள் மாட்டியிருக்கிற துணிக்குப் பின்னாலும் கட்டிலுக்கடியிலும் இருட்டில் உட்கார்ந்திருக்கும், நாம் கதவைச் சாத்திக்கொள்வோம். ஆகவே புகை அடிக்கவில்லை என்று சண்டை போடுவதைவிட, தண்ணீரில் புழுவைக் கொல்லும் அபேட் மருந்து ஊற்ற வருகிறவர்களை வீட்டுக்குள் விடுவது மேல். குடிநீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவுக்குள் சேர்க்க உலக சுகாதார நிறுவனம் அனுமதித்த மருந்து அது. வாடை அடிக்கிறது என்று அவர்கள் போனதும் கொட்டிவிடுகிறவர்களை எனக்குத் தெரியும்.

தொழுவத்தில் மாட்டுக்கு நொச்சித் தழையும் வேப்பந்தழையும் போட்டு மூட்டம் போடுவார் தாத்தா. அந்த வாசம் எனக்குப் பிடிக்கும். ஆனால் மூட்டம் விரட்டும், அவ்வளவுதான். புகை அடங்கினால் திரும்பிவிடும். சுருள் கொளுத்திக் கதவைச் சாத்திப் படுப்பதில் எனக்குச் சம்மதமில்லை, பிள்ளைகளின் நெஞ்சுக்கு ஆகாது. ஜன்னலுக்கு வலை அடித்தால் ஒரு தடவைச் செலவு. பகலில் தூங்குகிற கைப்பிள்ளைக்குத் தொட்டில் வலை கட்டாயம்.

ஒருமுறை டெங்கு வந்தால் இனி வராது என்றும் ஒரு நம்பிக்கை இருக்கிறது. டெங்குக் கிருமியில் நான்கு வகை. வந்த வகைதான் திரும்ப வராது. வேறு வகை இரண்டாவதாக வந்தால் முதல் தடவையைவிடக் கடுமையாகிற வாய்ப்பு அதிகம். என் மகளுக்கு இப்போது இருபது வயதாகிறது. அவள் விடுதியில் எந்த மாடியில் இருக்கிறாள், தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இருக்கிறதா என்று நான் கேட்பது இதனால்தான்.

அந்த டம்ளர் அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை. தினக்கூலிக்கு, வெயிலில், ஒரு நாளைக்கு எத்தனையோ வீட்டுப் படி ஏறி இறங்குகிற பெண்கள். பாதி வீட்டில் கதவு திறப்பதில்லை. திறந்தாலும் வாசலிலேயே நிறுத்தி “எங்க வீட்டுல ஒண்ணும் இல்ல” என்று அனுப்பிவிடுகிறார்கள். எங்கள் வீட்டுக்கு இப்போது வருகிற பெண்ணுக்கு முதலில் ஒரு செம்பு மோர், அப்புறம்தான் டார்ச். கதவுக்குப் பின்னால் அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்திடும்போது அவரே ஒரு நாள் சொன்னார், எங்களுக்குப் பெரிய தலைவலி பூட்டின வீடுதான் அக்கா என்று. திருநெல்வேலியில் பூட்டின வீட்டுக்கா பஞ்சம்? துபாயில் ஒரு பிள்ளை, சென்னையில் ஒரு பிள்ளை, வீட்டில் பெருக்க ஆளில்லை. மாடித் தொட்டி திறந்து கிடக்கும், மழைத் தண்ணீர் நிற்கும், யாருக்கும் தெரியாது.

அண்ணாச்சி அந்தக் காய்ச்சலிலிருந்து பிழைத்து எழுந்தார். பழைய தெம்பு வரவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் அவரும் மதினியும் மகனோடு சென்னைக்குப் போய்விட்டார்கள். சாவியை என்னிடம்தான் கொடுத்தார். “தங்கச்சி, நீ பாத்துக்க” என்றார். நான் போட்ட நாள் கணக்கை அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. வெள்ளிக்கிழமை எங்கள் டிரம் முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போய்விடுவேன். ஃபிரிட்ஜ் தட்டு, கழிவறைப் பீங்கான், வாஷ்பேசின் கீழே வாளி, துளசி மாடம், கடைசியில் மொட்டை மாடி. போன வாரம் மாடிக் கதவுப் பூட்டு துருப்பிடித்துத் திறக்கவில்லை. இந்த வாரம் இரண்டு நாள் மழை பெய்திருக்கிறது. தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துச் சாவிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். நாளைக்குக் காலையில் வெயில் ஏறுவதற்குள் போக வேண்டும்.